அம்மோனியாவுக்கு எந்தக் கஷாயம்?

‘டாக்டர், அம்மோனியா நாத்தத்துக்கு ஒரு கஷாயம் சொல்லுங்களேன்’ என்று எண்ணூர், திருவொற்றியூர் தாய்மார்கள் இன்றும் கேட்கிறார்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாய் கசிந்து, ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு தெருவில் ஓடினார்களே, அந்தப் பயம்!

சுவடியில் இதற்குக் கஷாயம் கிடையாது. சித்தர்களுக்கு நவச்சாரம் தெரியும்; குழாயில் வரும் வாயுவுக்கு எங்கே போவார்கள்? ஊர் மாறிவிட்டது, நோயும் மாறும். ஆனால் நோயின் முதலைத் தேடு என்ற அடிப்படை மாறவில்லையே!

இந்த வாயுவின் குணம் என்ன? தண்ணீரில் சட்டென்று கரையும். அதனால்தான் ஈரமுள்ள கண், மூக்கு, தொண்டையைப் பிடித்து எரிக்கிறது. பரிகாரமும் அதிலேயே இருக்கு. காற்றடிக்கும் திசைக்குக் குறுக்கே விலகிப் போங்க. ஈரத்துணியால் மூக்கைப் பொத்துங்க. கண்ணை நல்ல தண்ணீரில் 15 நிமிஷமாவது கழுவுங்க. தைலம் போட்டு ஆவி பிடிப்பது வேண்டவே வேண்டாம். வெந்த தொண்டைக்கு மேலும் சூடா?

மூச்சு முட்டினால் என்னிடம் வராதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு ஆக்ஸிஜன் உள்ள ஆஸ்பத்திரிக்கு, ஸ்டான்லிக்கோ வேறெங்கோ, ஓடுங்கள். ‘சித்த வைத்தியரே இப்படிச் சொல்லலாமா?’ என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். ஆடாதொடைக்கு வேலை, பிறகு மிஞ்சுகிற இருமலில்தான்.