6, 7, 8 படிக்கும் பிள்ளைகளின் முழு ஆண்டுத் தேர்வு: வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு அரசு மருத்துவரின் இழை

1/
மார்ச் முடியப் போகுது. ஏப்ரலில் 6, 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முழு ஆண்டுத் தேர்வு. பத்தாவது, பன்னிரண்டாவது பற்றி ஊரே பேசும். டிவியில் அட்டவணை வரும், கோயிலில் பேனா வைத்துப் பூஜை நடக்கும். நடுவில் இருக்கும் இந்தப் பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால் இந்த இழை அவர்களுக்காக. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

2/
அரசு மருத்துவமனை ஓபியில் இந்த மாதங்களில் ஒரு தனிக் கூட்டம் வரும். சீட்டில் வயது 11, 12, 13 என்று இருக்கும். வயிற்று வலி, தலைவலி, வாந்தி வர்ற மாதிரி இருக்கு என்பார்கள். கூட அம்மாவோ பாட்டியோ. "நேத்து சாயங்காலம் நல்லாத்தான் டாக்டர் விளையாடிட்டு இருந்தான், காலையில யூனிஃபார்ம் போட்டதும் ஆரம்பிச்சிட்டான், நடிக்கிறான்."

3/
நடிப்பு என்று உடனே முடிவு கட்டாதீர்கள். குடலுக்கும் மூளைக்கும் நரம்பு வழியாக நேரடித் தொடர்பு உண்டு. பயம் வந்தால் குடலின் அசைவு மாறும், வலி உணரும் தன்மை கூடும். அந்தப் பிள்ளைக்கு உண்மையிலேயே வலிக்கிறது. ஸ்கேனில் ஒன்றும் தெரியாததால் வலி பொய் ஆகிவிடாது.

4/
அதே நேரம் எல்லா வயிற்று வலியும் பரீட்சை பயம் என்று விட்டுவிடவும் கூடாது. தொப்புளைச் சுற்றி வந்து போகும் வலி பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஆனால் இவை இருந்தால் உடனே காட்டுங்கள்:
- வலி வலது அடிவயிற்றுக்கு நகர்ந்து கூடிக்கொண்டே போவது
- காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம்
- தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி
- எடை குறைவது
- ஆண் பிள்ளைக்கு விதைப்பையில் திடீர் வலி. சொல்ல வெட்கப்பட்டு "வயிறு வலி" என்று மட்டும் சொல்வார்கள். சில மணி நேரம்கூட தாமதிக்கக் கூடாது.

5/
இனி தேர்வுக்கு வருவோம். நான் பார்ப்பது இரண்டு வகை வீடு.
ஒன்று: "எட்டாவது வரைக்கும் ஆல் பாஸ் தானே, என்னத்துக்குப் படிக்கணும்?"
இன்னொன்று: "எண்பதுக்குக் கீழ வந்துச்சு, வீட்டுக்கே வராத."
இரண்டு வீட்டிலும் ஒரே தப்பான எண்ணம்தான் இருக்கிறது. தேர்வு என்றால் பாஸ், ஃபெயில் என்று மட்டும் நினைக்கிறார்கள்.

6/
சட்டம் என்ன சொல்கிறது? கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. 2019இல் அதைத் திருத்தி, விரும்பும் மாநிலங்கள் 5, 8ஆம் வகுப்பில் நிறுத்தி வைக்கலாம் என்றார்கள். நம் மாநிலத்திலும் 2019 செப்டம்பரில் 5, 8க்குப் பொதுத்தேர்வு என்று அறிவிப்பு வந்தது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2020 பிப்ரவரியில் ரத்தானது.

7/
2024 டிசம்பரில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. கேந்திரிய வித்யாலயா, நவோதயா போன்ற மத்திய அரசுப் பள்ளிகளில் 5, 8இல் தேறாத பிள்ளைக்கு 2 மாதத்துக்குள் மறுதேர்வு. அதிலும் தேறவில்லை என்றால் மீண்டும் அதே வகுப்பு. தமிழ்நாட்டு அரசு எட்டாம் வகுப்பு வரை கட்டாயத் தேர்ச்சி தொடரும் என்று சொல்லிவிட்டது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையிலும் அதுதான் நிலைப்பாடு.

8/
என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 12 வயதுப் பிள்ளையை அதே வகுப்பில் உட்கார வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. கூடப் படித்தவர்கள் மேலே போக, இவன் மட்டும் தம்பி வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்தால் என்ன நடக்கும்? சில மாதத்தில் பள்ளியை விட்டு நிற்பான். வீட்டில் காசு இல்லாத பிள்ளைதான் முதலில் நிற்பான். ஆனால் "நிறுத்த மாட்டோம்" என்பதை "பார்க்கவே வேண்டாம்" என்று நாம் மாற்றிக்கொண்டோம். அதுதான் ஆபத்து.

9/
தேர்வு ஒரு ரத்தப் பரிசோதனை மாதிரி. சுகர் 280 என்று வந்தால் நோயாளியை நான் அடிப்பதில்லை. பரவாயில்லை போங்க என்று அனுப்புவதும் இல்லை. எதனால் என்று கேட்பேன், மாத்திரையை மாற்றுவேன், திரும்ப வரச் சொல்வேன். ஏழாம் வகுப்புக் கணக்கில் 22 மார்க் என்பதும் அப்படி ஒரு ரிப்போர்ட்தான். திட்டுக்குப் பயந்து பிள்ளை விடைத்தாளை மறைத்துவிட்டால் ரிப்போர்ட்டே தொலைந்த மாதிரி. அப்புறம் எதை வைத்து வைத்தியம் பார்ப்பது?

10/
இதில் என்ன நஷ்டம் என்கிறீர்களா? ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. பத்தாவதில் பொதுத்தேர்வு. ஆறாம் வகுப்பில் பின்னம் புரியாத பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு இயற்கணிதம் புரியாது, பத்தாவது கணக்கு தாள் சுவர் மாதிரி நிற்கும். ஆறாவதில் கண்டுபிடித்திருந்தால் ஒரு கோடை விடுமுறையில் சரி செய்திருக்கலாம்.

11/
இன்னொரு விஷயம் பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. என்.எம்.எம்.எஸ். என்ற தேசிய வருவாய்வழி, திறன் உதவித்தொகை. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாவது படிக்கும்போது தேர்வு எழுத வேண்டும். பெற்றோர் ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு வருடத்துக்கு 48,000. இதை எழுத ஏழாம் வகுப்பில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50. ஆக, ஏழாவது மார்க் சும்மா இல்லை.

12/
சரி, எப்படிப் படிக்க வைப்பது? 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் ஒரு ஆய்வு செய்தார்கள். ஒரு குழு பாடத்தை 4 முறை திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்து, பார்க்காமல் 3 முறை எழுதிப் பார்த்தது. 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். படித்தவர்களுக்கு சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு சுமார் 61 சதவீதம்.

13/
இதிலிருந்து வீட்டுக்கு என்ன எடுத்துக்கொள்வது? சத்தம் போட்டு பத்து முறை படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு "இப்ப சொல்லு" என்று கேட்பது பலன் தரும். "நான் அஞ்சாவதுதான் படிச்சேன், எனக்கு இங்கிலீஷ் தெரியாது" என்று தயங்காதீர்கள். கேட்க உங்களுக்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை. இட்லி ஊற்றிக்கொண்டே, பூ கட்டிக்கொண்டே, "இன்னைக்கு அறிவியல்ல என்ன படிச்ச, எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றால் போதும். தடுமாறும் இடம் எதுவோ அதுதான் நாளைக்குப் படிக்க வேண்டிய இடம்.

14/
ஒரே நாளில் 4 மணி நேரம் கணக்கு போடுவதைவிட 4 நாள் ஒரு மணி நேரம் நல்லது. இன்று படித்ததை நாளை ஒரு முறை, மூன்று நாள் கழித்து ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை கேளுங்கள். 40 நிமிடம் படிப்பு, 10 நிமிடம் இடைவேளை. அந்த 10 நிமிடத்தில் கையில் ஃபோன் வேண்டாம். ரீல்ஸ் ஆரம்பித்தால் 10 நிமிடத்தில் முடியாது, உங்களுக்கே தெரியும். மாலையில் ஒரு மணி நேரம் விளையாட விடுங்கள். தேர்வு மாதத்திலும்தான்.

15/
தூக்கம். 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம், 13 வயதுக்கு மேல் 8 முதல் 10 மணி நேரம் தேவை. படித்தது மூளையில் நிலைப்பது தூக்கத்தில்தான். இரவு 12 வரை விழிக்க வைத்து, காலை 4 மணிக்கு எழுப்பி உட்கார வைத்தால், படித்ததைத் தங்கவிடாமல் நாமே தடுக்கிறோம். ஒரே அறை வீடு என்றால் அந்த ஒரு மாதம் இரவு 9 மணிக்கு டிவியை அணையுங்கள். சீரியல் நாளைக்கும் ஓடும்.

16/
காலை உணவு. 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5ஆம் வகுப்பு வரைக்கானது. ஆறாவதுக்குப் போன அக்கா வெறும் டீயோடு வருகிறாள், தம்பி பள்ளியில் பொங்கல் சாப்பிடுகிறான். பசி ஐந்தாம் வகுப்போடு நிற்பதில்லை. எட்டாவது வரை இது நீள வேண்டும் என்பது என் கோரிக்கை. அதுவரை முந்தைய நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றிய பழைய சோறும் மோரும் கொடுத்தாலும் போதும், ஒரு முட்டை சேர்த்தால் இன்னும் நல்லது. பன்னும் டீயும் ஒரு காலை உணவு இல்லை.

17/
ரத்தசோகை. "படிக்க உக்காந்தா தூங்குறா, சோம்பேறி" என்று அழைத்து வரும் பெண் பிள்ளைகளின் கண் இமையைக் கீழே இழுத்துப் பாருங்கள். வெளிறி இருந்தால் ரத்தப் பரிசோதனை வேண்டும். 12 முதல் 14 வயதில் ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கிப் போட வேண்டாம். சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள், கூடவே டீ, காபி வேண்டாம். மலம் கருப்பாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தரும் பூச்சி மாத்திரையும் அப்படியே.

18/
கண். கரும்பலகையைப் பார்க்க முடியாத பிள்ளை "எனக்குத் தெரியல" என்று சொல்லாது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைக்கும். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதும், கண்ணைச் சுருக்கும், தலைவலி என்னும். அரசுப் பள்ளிகளில் கண் பரிசோதனையும் இலவசக் கண்ணாடியும் தரும் கண்ணொளி காப்போம் திட்டம் 2009 முதல் இருக்கிறது. பரிசோதனை அன்று லீவு போட்டிருந்தால் அரசு மருத்துவமனை கண் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். "பொண்ணுக்குக் கண்ணாடி போட்டா நாளைக்கு யார் கட்டுவா" என்ற பேச்சு வேண்டாம்.

19/
வெயில். ஏப்ரலில் தண்ணீர் பாட்டில் கட்டாயம். பல பெண் பிள்ளைகள் பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்றோடு வருகிறார்கள். கழிப்பறை சரியில்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள், அந்தக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. தேர்வு நாளில் மாதவிடாய் வந்தால் பையில் ஒரு நாப்கின் இருக்கட்டும். வலி அதிகம் என்றால் அதற்கு மாத்திரை உண்டு, மருத்துவரைக் கேட்டு முன்பே வாங்கி வையுங்கள். பொறுத்துக்கொள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

20/
"ஞாபக சக்திக்கு ஏதாவது டானிக் எழுதுங்க டாக்டர்." நல்லா சாப்பிட்டுத் தூங்கும் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கூட்டும் டானிக் எதுவும் இல்லை. அந்தக் காசுக்கு முட்டையும் கடலையும் வாங்குங்கள். விழித்துப் படிக்க எனர்ஜி டிரிங்க் வாங்கிக் கொடுக்காதீர்கள். குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று அந்த டப்பாவிலேயே போட்டிருக்கும். பொடி எழுத்தில் இருக்கும், படித்துப் பாருங்கள்.

21/
தேர்வு முடிந்து தாள் வந்ததும் மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். எது நல்லா வந்துச்சு? எது புரியவே இல்ல? அதுக்கு யார்கிட்ட கேக்கலாம்? "பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்ளோ?" என்ற நான்காவது கேள்வி வேண்டவே வேண்டாம். தமிழ் வாசிக்கவே திணறினால், கூட்டல் கழித்தலே வரவில்லை என்றால், ஆசிரியரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். 6 முதல் 9ஆம் வகுப்பு வரை அடிப்படையில் பின்தங்கியவர்களுக்காக "திறன்" என்ற பயிற்சியை அரசு 2025இல் தொடங்கியிருக்கிறது. என் பிள்ளைக்கு அது வேண்டும் என்று கேட்பதில் அவமானம் ஏதும் இல்லை.

22/
கடைசியாக, முக்கியமானது. பிள்ளை திடீரென்று பேசாமல் போனால், சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால், "நான் இல்லாம போனா உங்களுக்கு நிம்மதி" என்பது போல ஏதாவது சொன்னால், மிரட்டல் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. டெலி மானஸ் 14416, குழந்தைகள் உதவி எண் 1098, மருத்துவ உதவிக்கு 104, பள்ளிக் கல்வி உதவிக்கு 14417. உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓபி சீட்டு போட்டு வந்தால் பார்ப்பார்கள்.

23/
இன்று இரவு ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளை பையைத் திறந்து அரையாண்டு விடைத்தாளை எடுங்கள். திட்டாமல், சேர்ந்து உட்கார்ந்து ஒரு பாடம் மட்டும் பாருங்கள். ஏப்ரலுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

எட்டாவதுக்குள் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு இதை அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், டியூட்டி முடிந்து பதில் சொல்கிறேன்.