இழைப்புளியை எடுக்குமுன்



ஆராதனை அங்கிகளை வைக்கும் நமது சுவர் அலமாரியின் கதவுகள் ஐப்பசி மழையில் இறுகிக்கொண்டன. கதவை அரை அங்குலம் இழைத்துவிடுவதென்று கமிட்டியில் ஏகமனதாகத் தீர்மானித்தோம். நானும் கை உயர்த்தினேன்.

வந்த தச்சரோ இழைப்புளியைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. முதலில் கீல்களை அசைத்துப் பார்த்தார். மேல் கீலின் திருகாணிகள் பிடிப்பற்று ஆடின. பின்பு திறப்பின் அகலத்தை மேலே, நடுவில், கீழே என மூன்று இடங்களில் அளந்தார். மூலைக்கு மூலை குறுக்காகவும் இருமுறை அளந்தார். குறுக்களவுகள் ஒத்துவரவில்லை. "ஐயா, கதவு நேராத்தான் இருக்கு. நிலைதான் சாஞ்சிருக்கு" என்றார்.

மரம் ஈரத்தில் அகலவாக்கில் பருக்கும். நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது. மழைக்காலத்து இறுக்கத்தைப் பார்த்துத் தாராளமாக இழைத்தால், சித்திரை வெயிலில் விரல் நுழையும் இடைவெளி விழும். இழைத்தே ஆகவேண்டிய கதவுகளும் உண்டு. அப்போதும் சிறிது இழைத்து, மாட்டிப் பார்த்து, மீண்டும் சிறிது இழைக்கவேண்டும். ஈரம் ஏறாதபடி அந்த ஓரத்திற்கு உடனே வர்ணம் பூசவேண்டும். உதிர்ந்த சீவலைத் திரும்ப ஒட்ட ஒருவராலும் ஆகாது.

அதே கூட்டத்தில் நாம் செய்த மற்றொரு தீர்மானத்தைப் பற்றியே இவ்வாரம் எழுதத் துணிகிறேன். ஆட்டிசம் உள்ள ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் ஆராதனையில் உரக்கக் குரல் எழுப்புகிறான்; ஆகையால் அவனும் அவன் தாயும் வாசல் மண்டபத்தில் அமரட்டும் என்றோம். மூன்று ஞாயிறுகள் அந்தச் சகோதரி வெளியே அமர்ந்திருந்தார். திருவிருந்தை நான் வெளியே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை ஒரு சலுகையாகவும் நினைத்துக்கொண்டேன். நான்காம் ஞாயிறு அவர்கள் வரவில்லை.

அந்தத் தீர்மானம் தவறானது. தலைமை வகித்தவன் என்ற முறையில் முதல் குற்றவாளி நானே. கதவுக்காவது ஒரு தச்சர் வந்து அளந்தார். அந்தப் பிள்ளை எப்போது கத்துகிறான், ஏன் கத்துகிறான் என்று நாம் ஒருவரும் கேட்கவில்லை. சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டேன். ஒலிபெருக்கியில் டிரம்ஸ் தொடங்கும்போதுதான் அவன் காதுகளைப் பொத்திக்கொண்டு அலறுகிறானாம். அவர்கள் வழக்கமாக அமரும் பெஞ்சுக்கு நேர் மேலே இருப்பது நமது பெரிய ஒலிபெருக்கி!

சகலமும் ஒழுங்காய் நடக்கவேண்டுமென்று பவுல் எழுதவில்லையா என்று மூப்பர் ஒருவர் கேட்டார். எழுதினார். ஆனால் 1 கொரிந்தியர் 14-ஆம் அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். அங்கே முக்கியமாகக் கண்டிக்கப்படுகிறவர்கள், அர்த்தம் சொல்வாரின்றி அந்நியபாஷைகளில் பேசியவர்களும், ஒருவர் பேசுகையில் மற்றவர் அமைதி காக்காத தீர்க்கதரிசிகளும். சபைக்குப் பேசவந்த பெரியவர்கள். காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தை அங்கே எங்கே இருக்கிறது? பிதா கிளைகளை நறுக்குகிறாரே என்பது இன்னொருவர் வாதம். யோவான் 15-இல் நறுக்கப்படுவது உயிருள்ள கொடி. அது மீண்டும் துளிர்க்கும். கத்தியும் திராட்சத் தோட்டக்காரர் கையில் இருக்கிறதேயன்றி எந்தக் கமிட்டியின் கையிலும் இல்லை.

நம் ஆண்டவர் தச்சர் என்று மாற்கு எழுதுகிறார். அவர் ஏர்களும் நுகங்களும் செய்தார் என்கிறார் இரண்டாம் நூற்றாண்டில் எழுதிய இரத்தசாட்சி ஜஸ்டின். தமது நுகத்தைக் குறித்து மத்தேயு 11-இல் அவர் பேசுமிடத்தில் 'கிறேஸ்தொஸ்' என்ற கிரேக்கச் சொல் நிற்கிறது. நல்லது, தயவுள்ளது, உபயோகத்திற்கு உகந்தது என்றெல்லாம் அது பொருள்படும். உறுத்தாத நுகம் என்றும் சில விரிவுரையாளர் விளக்குவர். நுகத்தடிக்குப் பொருந்தும்படி காளையின் கழுத்தைச் செதுக்கிய தச்சர் எங்கேனும் உண்டா? ஓய்வுநாளே மனுஷனுக்காக உண்டாயிற்று என்று போதித்தவரின் ஆலயத்தில், நமது ஒலிபெருக்கிக்காக ஒரு பிள்ளையை வெளியேற்றியிருக்கிறோம்.

நிலையைச் சரிசெய்து, கீலுக்கு நீண்ட திருகாணிகளை முடுக்கியபின் அலமாரிக் கதவு இழைக்கப்படாமலே மூடுகிறது. ஒலிபெருக்கியை இடம் மாற்ற ஆள் சொல்லியாயிற்று. தீர்மானத்தை ரத்துசெய்யும் பிரேரணையை அடுத்த கூட்டத்தில் நானே கொண்டுவருவேன். எதிர்ப்பவர்கள் காரணத்தை எழுத்தில் தரட்டும். இந்தச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அந்தச் சகோதரியின் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கச் செல்கிறேன். அன்று கை உயர்த்தியவர்களில் இருவராவது என்னுடன் வரவேண்டும்.