அரை அடி மதில்

சென்னை கோட்டூர்புரத்தில் சதுர அடி என்ன விலை என்று கேட்டால் நம் தொழிலில் இருப்பவர் எவரும் யோசிக்காமல் ஒரு தொகை சொல்லிவிடுவார். எந்தச் சதுர அடி என்று திருப்பிக் கேட்பவர் குறைவு. கட்டடத்தின் சதுர அடியா, கட்டடம் நிற்கும் நிலத்தின் சதுர அடியா? முப்பது நாற்பது ஆண்டு பழைய ஃபிளாட் ஒன்று கைமாறும்போது வாங்குபவரும் விற்பவரும் தரகரும் வங்கியின் மதிப்பீட்டாளரும் முதலாவதைப் பேசுகிறார்கள். பணம் இருப்பதோ இரண்டாவதில். அடையாறு, மயிலாப்பூர், தியாகராய நகர், கோட்டூர்புரம் போன்ற பழைய பகுதிகளில் அடுத்த பத்தாண்டுச் சந்தை எப்படிப் போகும் என்று அறிய, புதுத் திட்டங்களின் காலாண்டுப் பட்டியலும் சராசரி விலை வரைபடமும் அதிகம் உதவா. கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் ஒரு வரியாக வரும் பிரிபடாத பங்கும், அதாவது யுடிஎஸ்ஸும், வாசலில் ஓடும் தெருவின் அகலமும்தான் அதைச் சொல்லும்.

வடக்கே அடையாறு நதி, மறுபக்கம் அண்ணா பல்கலைக்கழகமும் ஐஐடியும், கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் அதன்மேல் ஓடும் பறக்கும் ரயிலும். கோட்டூர்புரம் பரந்து விரிய இடமே இல்லாத ஊர். காலி மனை என்று ஒன்று இங்கே அபூர்வம். புதிதாக வரவேண்டியது எதுவானாலும் ஏற்கெனவே நிற்பதை இடித்துத்தான் வரவேண்டும். அப்படி நிற்பவற்றில் பெரும்பங்கு, இரண்டு முதல் ஐந்து கிரவுண்டில் லிஃப்ட் இல்லாமல் கட்டிய தரைத்தளமும் இரண்டு மூன்று மாடியும். சன்ஷேடில் காரை பெயர்ந்து கம்பி துருத்திக்கொண்டிருக்கும். மீட்டர் போர்டுகள் மாடிப்படிக்குக் கீழே வரிசையாக இருக்கும். பாதிக் கார்கள் தெருவில் நிற்கும். இந்தக் கட்டடங்கள் எல்லாம் ஒரே கணக்கைத்தான் எதிர்நோக்கி நிற்கின்றன. அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம்.

நான்கு கிரவுண்டு, அதாவது 9,600 சதுர அடி நிலம். அதில் தலா 1,000 சதுர அடியில் 12 ஃபிளாட்டுகள். ஒவ்வொன்றுக்கும் 800 சதுர அடி யுடிஎஸ். எண்கள் கணக்கு வசதிக்காக எடுத்துக்கொண்டவைதான், ஆனால் இந்தப் பகுதிக்கு அந்நியமானவை அல்ல. கட்டப்பட்டிருப்பது 12,000, அந்தக் காலத்து எஃப்எஸ்ஐ (நிலப் பரப்பின் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற வரம்பு) 1.5க்குள் அடங்குகிறது. 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், உயர்மாடி அல்லாத கட்டடங்களுக்கு இதை 2 ஆக்கின. ஆக இன்று 19,200 கட்டலாம். பழைய உரிமையாளர்கள் கால்பங்கு கூடுதலாகக் கேட்கிறார்கள் என்று கொண்டால் அவர்களுக்கே 15,000 போய்விடுகிறது. கட்டுநர் கையில் விற்க மிஞ்சுவது 4,200 மட்டும். கட்டுமானச் செலவைச் சதுர அடிக்கு 3,500 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 6 கோடியே 72 லட்சம். அந்தச் செலவு மட்டும் திரும்பி வரவே, விற்கும் ஒவ்வொரு சதுர அடியும் 16,000 ரூபாய் தரவேண்டும். பன்னிரண்டு குடும்பங்களின் வாடகை, அனுமதிக் கட்டணங்கள், வட்டி, லாபம் இவையெல்லாம் அதற்கு மேலே. இந்த இடத்தில்தான் பிரீமியம் எஃப்எஸ்ஐ உள்ளே வருகிறது: தெரு 9 மீட்டர் முதல் 12 மீட்டருக்குள் இருந்தால் 30 விழுக்காடும், 12 முதல் 18க்குள் 40 விழுக்காடும், அதற்கு மேல் 50 விழுக்காடும் கட்டணம் செலுத்திக் கூடுதலாகப் பெறலாம். 30 விழுக்காடு கிடைத்தால் மொத்தப் பரப்பு 24,960. கட்டுநரின் பங்கு 9,960. செலவை மீட்கத் தேவையான விலை சுமார் 8,770 ரூபாய். பிரீமியம் கட்டணம் வழிகாட்டி மதிப்பை வைத்துக் கணக்கிடப்படுவதால் அது தனிச் சுமைதான். 2024 ஜூலை 1 முதல் அமலான புதிய மதிப்புகளை வைத்து அதைத் தனியே போட்டாக வேண்டும். இருந்தாலும், நடக்காத திட்டம் நடக்கும் திட்டமாவது இந்த ஒரு படியில்தான்.

பழைய லேஅவுட்டுகளில் "முப்பதடித் தெரு" என்று நாம் சொல்வது 9.14 மீட்டர். வரம்பைத் தாண்டி நம்மிடம் இருக்கும் உபரி அரை அடிக்கும் குறைவு. இரண்டு பக்கத்திலும் மதில் சுவர் எழுப்பியவர்கள் ஆளுக்கு அரை அடி முன்னே வந்திருந்தால் தெரு 29 அடி, 8.84 மீட்டர். அத்தோடு பிரீமியம் போயிற்று. மேற்சொன்ன கணக்கில் அந்த மதிலின் விலை 5,760 சதுர அடி. சாலை குறுகக் குறுக உயரத்துக்கும் வீடுகளின் எண்ணிக்கைக்கும் வரும் கட்டுப்பாடுகள் வேறு. ஆகவே ஒரே வயது, ஒரே பரப்பு, ஒரே பின்கோடு கொண்ட இரண்டு ஃபிளாட்டுகள், இந்தத் தெருவில் ஒன்றும் அடுத்த குறுக்குத் தெருவில் ஒன்றுமாக இருந்தால், உண்மையில் இரண்டு வேறு சொத்துகள். ஒன்று மறுகட்டுமானத்துக்குக் காத்திருக்கும் நிலம். மற்றொன்று வயதாகிக்கொண்டே போகும் வீடு. இன்று சந்தை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே விலை சொல்கிறது. வரும் ஆண்டுகளில் இந்த இடைவெளி வெளிப்பட்டே தீரும். "கோட்டூர்புரம் சராசரி" என்ற எண் அப்போது யாருக்கும் பயன்படாது.

உரிமையாளர் பக்கம் இன்னொரு கணக்கு இருக்கிறது. இதை அவருக்கு யாரும் போட்டுக் காட்டுவதில்லை. அவருடைய 1,000 சதுர அடி 1,250 ஆகிறது. லிஃப்ட், மூடிய கார் நிறுத்தம், புதுக் கழிவறை எல்லாம் வருகின்றன. ஆனால் 9,600 சதுர அடி நிலம் இப்போது 24,960 சதுர அடிக் கட்டடத்துக்குப் பிரிகிறது. அவர் பங்குக்கு வருவது சுமார் 481 சதுர அடி. கையில் இருந்த 800இல் 319, ஏறக்குறைய 40 விழுக்காடு நிலம், போய்விட்டது. இதை ஏமாற்று என்று சொல்லவரவில்லை. நிலத்தைக் கொடுத்துக் கட்டடத்தை வாங்குகிறார், அவ்வளவுதான்; விலை சரியாக இருந்தால் அது நியாயமான பண்டமாற்று. ஆனால் எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். இந்த அறுவடை ஒரு முறைதான். எஃப்எஸ்ஐ 1.5இலிருந்து 2க்கும் அங்கிருந்து 2.6க்கும் ஏறியதால் பிறந்த இடைவெளியைத்தான் இந்தத் தலைமுறை தின்கிறது. இன்னும் முப்பத்தைந்து ஆண்டு கழித்து இந்தப் புதுக் கட்டடம் பழசாகும்போது, அதே பேரம் நடக்க அரசு மறுபடியும் எஃப்எஸ்ஐயை ஏற்றியாக வேண்டும். புது ஃபிளாட்டை மதிப்பிடுபவர் இதைக் கழித்துத்தான் மதிப்பிட வேண்டும். பழையதை மதிப்பிடுபவர் இதைக் கூட்டி மதிப்பிட வேண்டும். நடைமுறை தலைகீழாக இருக்கிறது. தேய்மானம் என்று பழையதில் கழிக்கிறோம், புதுமை என்று புதியதில் கூட்டுகிறோம்.

யுடிஎஸ் கண்ணில் படாமல் போவதற்குப் பதிவுமுறை மாற்றமும் ஒரு காரணம் என்று நினைக்கிறோம். முன்பு புது ஃபிளாட் வாங்குபவர் பிரிபடாத பங்குக்கு ஒரு கிரயப் பத்திரமும் கட்டடத்துக்குக் கட்டுமான ஒப்பந்தமும் தனித்தனியே பதிந்தார். கட்டணத்தைக் குறைக்க நிலத்தின் பங்கைச் சுருக்கும் தந்திரங்கள் அதில் நடந்தன என்பது உண்மையே. ஆயினும், வாங்கியவர் எவ்வளவு நிலம் வாங்குகிறார் என்று ஒருமுறையாவது படிக்க நேர்ந்தது. 2023 டிசம்பர் 1 முதல் நிலமும் கட்டடமும் சேர்ந்த கூட்டு மதிப்புக்கு ஒரே பத்திரம். 50 லட்சம் வரை 4, மூன்று கோடி வரை 5, அதற்கு மேல் 7 விழுக்காடு முத்திரைத் தீர்வை, உடன் 2 விழுக்காடு பதிவுக் கட்டணம். எளிமையான, நேர்மையான முறை. ஆனால் பங்கு இப்போது பின்பக்க அட்டவணையில் ஒரு வரி. பழைய கட்டடங்களில் எல்லா வரிகளையும் கூட்டிப் பார்த்தால் மொத்த நிலம் வராத வழக்குகளையும் நம் வாசகர்கள் அறிவார்கள். அன்றைய கட்டுநர் கொஞ்சம் தன் பெயரில் வைத்துக்கொண்டிருப்பார், அல்லது மொட்டை மாடி உரிமை என்று ஒருவருக்கு எழுதிக் கொடுத்திருப்பார். இடிக்கும் நாள் வரும்போதுதான் அந்தப் பூதம் வெளிவரும்.

இவ்வளவு கவலை எதற்கு, சட்டம் வந்துவிட்டதே என்று சிலர் கேட்கலாம். தமிழ்நாடு அடுக்குமாடி வீட்டு உரிமைச் சட்டம் 2022, 1994ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்ய அது வழி திறக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் கையெழுத்துப் போடாததால் பதினோரு குடும்பங்கள் ஒழுகும் கூரைக்குக் கீழே காத்திருந்த நிலைக்கு இது நல்ல மருந்து. ஆனால் மூன்றில் இரண்டு என்பது ஒரு வாசல். உள்ளே என்ன நடக்க வேண்டும் என்ற பழக்கம் நம்மிடம் இன்னும் உருவாகவில்லை. சிங்கப்பூர் 1999இலேயே இந்த வழிக்குப் போயிற்று. அங்கே பத்தாண்டும் அதற்கு மேலும் பழைய கட்டடத்துக்கு 80 விழுக்காடும், இளைய கட்டடத்துக்கு 90 விழுக்காடும் சம்மதம் தேவை. சம்மதியாத சிறுபான்மையர் முறையிட ஸ்ட்ராட்டா உரிமை வாரியம் இருக்கிறது. கிடைக்கும் தொகை ஒருவரின் வீட்டுக் கடனை அடைக்கவே போதாது என்றால் அது விற்பனையைத் தடுக்கும் காரணமாகிறது. நம் வரம்பு அதைவிடத் தாழ்ந்தது. வரம்பு தாழ்ந்தால், எண்களை மேசையில் வைக்கும் கடமை கூடுகிறது. இல்லையென்றால் எதிர்க்கும் நான்கு பேரும் நீதிமன்றம் போவார்கள். சட்டம் மிச்சப்படுத்தித் தந்த காலத்தை வழக்கு தின்றுவிடும்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெரா பாதுகாக்கும் என்பதும் பாதி உண்மைதான். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலமும், எட்டு வீட்டுக்கு மேற்படாத கட்டடமும் பதிவிலிருந்து விலக்குப் பெறுகின்றன. இரண்டு கிரவுண்டு என்பது 446 சதுர மீட்டர். கோட்டூர்புரத்தின் உள்தெருக்களில் நடக்கும் சிறு மறுகட்டுமானங்கள் பலவும் இந்த ஓட்டை வழியாக ஒழுங்காகவே, சட்டப்படியே, வெளியே போய்விடுகின்றன. அங்கே உரிமையாளருக்குக் காவல் ஒப்பந்தம் ஒன்றுதான். வாடகை எத்தனை மாதம், தாமதமானால் என்ன, வங்கி உத்தரவாதம் உண்டா என்பதெல்லாம் அதை எழுதும் வழக்கறிஞரின் பேனாவைப் பொறுத்தது.

கனமான மறுப்பு ஒன்று நம் தொழிலுக்கு வெளியிலிருந்து வருகிறது: இத்தனை மாடிகளை இந்தத் தெருக்களும் சாக்கடைகளும் தாங்குமா? நம் எடுத்துக்காட்டைப் பாருங்கள். கட்டுநர் விற்கும் 9,960 சதுர அடி, இன்றைய ரசனைப்படி 2,000 சதுர அடி வீடுகளாக, ஐந்தே குடும்பங்களுக்குப் போகிறது. 12 குடும்பம் 17 ஆகிறது. சாக்கடைக்குச் சுமை ஏறுகிறது, ஆனால் கட்டடப் பரப்பு ஏறும் வேகத்தில் அல்ல. கார்களின் கதை வேறு. இந்தப் பதில் எதிர்ப்பைத் தணிக்கும்போதே நம்மை இன்னொரு இடத்தில் சங்கடப்படுத்துகிறது. பரப்பு இரட்டிப்பாகியும் கூடிய வீடுகள் ஐந்துதான் என்றால், மறுகட்டுமானம் நகரின் வீட்டுப் பற்றாக்குறையைத் தீர்க்கும் என்று மேடையில் நாம் சொல்லும் வாதம் நிற்காது. அதைச் சொல்லாமல் விடுவது நல்லது. இது வசதியுள்ளவர் வசதியைப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தை. 2025இல் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 6.5இலிருந்து 5.25 வரை இறக்கியது புறநகர்ச் சந்தையை அசைக்கலாம். இங்கே வட்டியைவிடக் கையெழுத்துத்தான் தட்டுப்பாடு.

வெள்ளத்தை எந்த முன்னோக்கும் தவிர்க்க முடியாது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டு அடையாறு கரை புரண்டபோது கோட்டூர்புரத்தின் தரைத்தளங்கள் மூழ்கின. அன்று முதல் தரைத்தள ஃபிளாட்டுக்குத் தள்ளுபடி கேட்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் தரைத்தளத்துக்காரரின் யுடிஎஸ், மாடிக்காரருடையதற்குக் குறைந்ததல்ல. கட்டடம் இடிந்து ஸ்டில்ட் மேல் எழும்போது அவர் கார் நிறுத்தத்துக்கு மேலே போய்விடுகிறார்; தள்ளுபடி நீங்குகிறது, நிலத்தின் பங்கு அப்படியே கணக்கில் வருகிறது. அகலமான தெருவில், பங்கு சரியாக எழுதப்பட்ட பழைய கட்டடத்தில், இன்று மிக மலிவாக விலைபேசப்படும் சொத்து அந்தத் தரைத்தளம்தான். கூடவே ஒரு எச்சரிக்கை: ஸ்டில்ட் வீட்டைக் காக்கும், ஸ்டில்ட்டிலேயே வைக்கும் மின் பலகையையும் ஜெனரேட்டரையும் லிஃப்ட் குழியையும் காக்காது. 2015இன் நீர்மட்டம் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்கும் உரிமையாளர் சங்கங்களை இனி கட்டுநர்கள் சந்திக்கப்போகிறார்கள்.

வணிகக் கட்டடம் பற்றிச் சுருக்கமாக. தியாகராய நகரில் உஸ்மான் சாலையும் பாண்டி பஜாரும் கடைவாடகையால் நிற்பவை. அலுவலகம் கிண்டி, போரூர், ராஜீவ் காந்தி சாலை என்று போய்விட்டது. கோட்டூர்புரத்துக்கு வருவது வீட்டுக்குள் நுழையும் கிளினிக், கட்டடக் கலைஞர் அலுவலகம், காபிக் கடை. வாடகை கூடுதலாகக் கிடைக்கிறதே என்று தரைத்தளத்தை அப்படி விடுபவர்கள், மறுகட்டுமானப் பேச்சு தொடங்கும்போது அந்தக் குத்தகையை எப்படி முடிப்பது என்பதையும் முதல் நாளே எழுதிக்கொள்ள வேண்டும். காலி செய்ய மறுக்கும் ஒரு குத்தகைதாரர், கையெழுத்துப் போடாத ஒரு பங்காளிக்குச் சமம்.

ஃபிளாட் வாங்குபவர் குடியிருக்க வாங்குகிறார், நிலக் கணக்கு அவருக்கு எதற்கு என்று நம்மில் மூத்த தரகர்கள் சொல்வதுண்டு. குடியிருக்கும் வரை அது சரி. ஆனால் முப்பது ஆண்டுக் கட்டடத்தில் இருபது ஆண்டுக் கடனுக்கு இன்று கையெழுத்துப் போடுபவர், கடன் முடியும் முன்பே இடிப்புத் தீர்மானத்தில் வாக்களிக்க வாய்ப்பு அதிகம். அவர் கையில் தரப்படும் மதிப்பீட்டு அறிக்கையில் பிளின்த் பரப்பு இருக்கிறது, கட்டடத்தின் வயது இருக்கிறது, தேய்மானம் இருக்கிறது, சுற்றுவட்டார விலை இருக்கிறது. பிரிபடாத பங்கு எத்தனை சதுர அடி, எல்லாப் பங்குகளும் கூட்டினால் மனையின் மொத்தம் வருகிறதா, மதிலிலிருந்து மதிலுக்கு டேப் பிடித்து அளந்தால் தெரு எத்தனை மீட்டர், இன்றைய விதியில் இந்த மனையில் எவ்வளவு கட்டலாம் என்ற நான்கு வரிகளும் அதன் முதல் பக்கத்தில் வரவேண்டும். டேப் பிடிக்க இரண்டு பேர் போதும்.