வாசலுக்கு ஒரு ரவுட்டர் வேண்டும்

சிரம்பான் வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் செம்பனையாகி, செம்பனையிலும் பாதி வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. மிச்சமிருக்கும் தோட்ட அலுவலகங்களுக்கும் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிகளுக்கும் இன்று இணையம் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. சம்பளப் பட்டியல், எடைமேடைக் கணக்கு, சிசிடிவி, பிள்ளைகளின் டெலிமா இணையவழிப் பாடம் என எல்லாம் ஒரே பெட்டி வழியாகப் போகின்றன. சிறிய இடங்களில் அது சேவை நிறுவனம் கொடுத்த மோடம்-ரவுட்டர்-சுவிட்ச்-வைஃபை கலவை. பெரிய இடங்களில் லேயர் 3 சுவிட்ச். வெளியே போகும் வழியை இந்தக் கலவைகளிடமிருந்து பிரித்து, தனி ரவுட்டரிடம் ஒப்படைக்கும் காலம் வந்துவிட்டது.

சுவிட்ச் ஒரே வளாகத்துக்குள் உள்ள கணினி, பிரிண்டர், கேமராவை ஒன்றோடொன்று இணைக்கிறது. ரவுட்டர் அந்த வளாகத்தை வெளியுலகத்தோடு இணைக்கிறது. எந்தத் தகவல் எந்த வழியில் போகவேண்டும், எதை உள்ளே விடக்கூடாது என்று தீர்மானிப்பதும் அதுதான். லேயர் 3 சுவிட்ச் இரண்டையும் செய்யும். உள்ளே மின்னல் வேகம், வெளியே அரைகுறை. தோட்டத்துக் கிராணியாரையே டிரெசர் (மருத்துவ உதவியாளர்) வேலையும் பார்க்கச் சொன்னால் காய்ச்சலுக்கு மாத்திரை கிடைக்கும், எலும்பு முறிந்தால்தான் திண்டாட்டம்.

உலகமே அப்படித் திண்டாடிய நாள் ஒன்று உண்டு. 2014 ஆகஸ்ட் 12. அப்போது பல இணைய நிறுவனங்கள் சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 6500 வகைச் சுவிட்சுகளையே எல்லை ரவுட்டராக வைத்திருந்தன. உலகத்து இணைய வழிகளின் பட்டியலை அவை டிகேம் என்ற விலையுயர்ந்த சிறப்பு நினைவகத்தில் வைக்கும். அதில் ஐபிவி4 என்ற பழைய முகவரி முறையின் வழிகளுக்கு வழக்கமாக ஒதுக்கப்பட்டிருந்த இடம் சுமார் 5 இலட்சத்து 12 ஆயிரம். அன்று அமெரிக்காவின் வெரைசன் நிறுவனம் சுமார் 15,000 கூடுதல் வழிகளைச் சற்று நேரம் அறிவிக்க, பட்டியல் அந்த வரம்பைத் தாண்டியது. மிஞ்சிய வழிகளைக் கையாள முடியாமல் பெட்டிகள் தடுமாறின. பல இடங்களில் இணையம் தொங்கியது. இத்தனைக்கும் சிஸ்கோ சில மாதங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தது. சிலர் ஐபிவி6 என்ற புதிய முறைக்கு ஒதுக்கிய இடத்தைக் குறைத்து ஐபிவி4-க்குக் கொடுத்து, பெட்டியை மறுதொடக்கம் செய்து பிழைத்தார்கள். அந்தப் பட்டியல் இப்போது 9 இலட்சத்தைத் தாண்டிவிட்டது.

தமிழ்ப்பள்ளிக்கு அந்தப் பட்டியல் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பள்ளிக்கு வெளியே போக ஒரு வழி தெரிந்தால் போதும். பள்ளியின் சிக்கல் வேறு.

முதலாவது, சேவை மாற்றம். 1பெஸ்தாரிநெட் திட்டத்தில் நாட்டின் சுமார் 10,000 பள்ளிகளுக்கு ஒய்டிஎல் நிறுவனம் இணையம் கொடுத்தது. 2019 ஜூனில் அது முடிந்து, வேறு நிறுவனங்கள் வந்தன. இனியும் மாறும். மொத்த வலையமைப்பும் சேவை நிறுவனத்தின் பெட்டியை நம்பியிருந்தால், அந்தப் பெட்டி போகும் நாளில் வைஃபை கடவுச்சொல் முதல் பிரிண்டர் வரை எல்லாவற்றையும் புதிதாக அமைக்கவேண்டும். பள்ளிக்குச் சொந்தமாக ஒரு ரவுட்டர் இருந்தால் ஒரு கம்பியைக் கழற்றி மாட்டி, புதிய லைனின் விவரத்தைப் பதிந்தால் முடிந்தது.

இரண்டாவது, மாற்று வழி. ஃபைபர் அறுந்தால் தானாக 4ஜிக்குத் தாவ இரண்டு லைன்களைக் கவனிக்கும் ரவுட்டர் வேண்டும். இலவசமாக வரும் கலவைப் பெட்டிகள் பெரும்பாலும் ஒரு லைனோடு சரி. மூன்றாவது, இடி. உலகில் மின்னல் மிகுந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. எல்லா வேலையும் ஒரே பெட்டியில் இருந்தால் ஒரே அடியில் எல்லாம் போகும். தனித்தனியாக இருந்தால் கருகியதை மட்டும் மாற்றலாம்.

சிறு அலுவலகத்துக்கான நல்ல ரவுட்டர் இன்று சில நூறு வெள்ளிக்கே கிடைக்கிறது. பழைய சுவிட்சைத் தூக்கி எறியவும் வேண்டாம். உள்வேலைக்கு அதைவிடப் பொருத்தமான கருவி இல்லை.

ஆனால் ரவுட்டர் வாங்கியதும் கவலை தீர்ந்தது என்று விற்பனையாளர் சொன்னால் நம்பவேண்டாம். 2015 ஜூன் 12 அன்று டெலிகாம் மலேசியா, பிறரிடமிருந்து தான் அறிந்த சுமார் 1,79,000 வழிகளைத் தவறுதலாக லெவல் 3 என்ற பெருநிறுவனத்துக்கு அறிவித்துவிட்டது. லெவல் 3 அதை வடிகட்டாமல் ஏற்றுக்கொண்டது. சுமார் 2 மணி நேரம் உலகின் பல பகுதிகளில் இணையம் ஊர்ந்தது. டெலிகாம் மலேசியா மன்னிப்புக் கேட்டது. இரு பக்கமும் உயர்தர ரவுட்டர்கள்தான். அமைப்பு பிசகினால் விலையுயர்ந்த கருவியும் காப்பாற்றாது. எளிய ரவுட்டரையும் அவ்வப்போது புதுப்பிக்க, கடவுச்சொல்லைப் பாதுகாக்க ஒருவர் பொறுப்பேற்கவேண்டும்.

பள்ளி மேலாளர் வாரியங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கணினி அறைக்கு நிதி திரட்டும்போது இதையும் பட்டியலில் சேர்க்கட்டும்: சொந்தமாக ஒரு ரவுட்டர், இடிப் பாதுகாப்புச் சாதனம், அமைப்பு விவரங்களை எழுதிவைத்த ஒரு நோட்டு. அந்த நோட்டு தலைமையாசிரியரின் அலமாரியில் இருக்கட்டும். ஆசிரியர் மாற்றலாகிப் போனாலும் அது பள்ளியை விட்டுப் போகக்கூடாது.