டிஸ்கோ ஆண்கள் பட்டியலும் டீச்சரின் சிவப்பு மையும்

என் அன்புப் பிள்ளைகளே, உறவுகளே,

ஒரு வாரமாக நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பஞ்சாயத்து ஓடுகிறது. டிஸ்கோ காலத்தின் தலைசிறந்த ஆண் கலைஞர்கள் பத்துப் பேர் யார் என்பதுதான் வழக்கு. அண்ணன் மகன் ஒரு பட்டியல் போட்டான். முதலிடம் பீ ஜீஸ். இரண்டாமிடம் ஜான் டிரவோல்டா. அப்புறம் மைக்கேல் ஜாக்சன், போனி எம் குழுவின் பாபி ஃபாரெல், வில்லேஜ் பீப்பிள், இப்படிப் போனது. யாரோ ஒரு பிள்ளை சில்வெஸ்டரையும் சேர்க்கச் சொன்னது. உடனே ஒரு பெரியவர், "ஆண்கள் பட்டியலில் அவர் எதற்கு?" என்று கேட்க, பத்துப் பதினைந்து சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

அங்கே பதில் எழுதினால் மறுநாள் காலை வணக்கப் பூக்களுக்கு அடியில் புதைந்துவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது புதிதில்லை.

"வரலாற்று டீச்சருக்கு டிஸ்கோ எதற்கு?" என்று கேட்பீர்கள். ஒரு வேலையைச் செய்தவர் யார், அதற்குப் பெயர் வாங்கியவர் யார் என்று பிரித்துப் பார்ப்பதுதானே வரலாறு? கோயில் கட்டியது ராஜாவா, கல் தச்சரா என்று வகுப்பில் எத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறோம்! அதே கேள்வியை இந்தப் பட்டியலிடம் கேட்டால், பாதிக்குமேல் சிவப்பு மையில் அடிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் டிரவோல்டா. 1977-இல் வந்த 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படத்தில் அவர் அற்புதமாக ஆடினார். ஆனால் அந்தப் பாடல்களில் ஒன்றைக்கூட அவர் பாடவில்லை, எழுதவில்லை, வாசிக்கவில்லை. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் திரையில் வாயசைத்தாலும், குரல் டி.எம்.சௌந்தரராஜனுடையது என்று நம் வீட்டுப் பாட்டிகளுக்கும் தெரியும். இந்த வித்தியாசம் தெரிந்த நாம் நியூயார்க் விஷயத்தில் மட்டும் ஏன் ஏமாற வேண்டும்?

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் படம் 1976-இல் 'நியூயார்க்' பத்திரிகையில் நிக் கோன் எழுதிய ஒரு கட்டுரையை வைத்து எடுக்கப்பட்டது. புரூக்ளின் டிஸ்கோ கிளப்பில் நேரில் கண்ட உண்மை என்று அச்சான கட்டுரை அது. அதன் நாயகனைத் தான் கற்பனையாகவே உருவாக்கியதாக எழுதியவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். டிஸ்கோ என்றால் உலகம் நினைக்கும் அந்த வெள்ளை கோட்டுப் பையன், உயிரோடு இருந்த ஆளே இல்லை!

அடுத்து பாபி ஃபாரெல். போனி எம் கேசட் இல்லாத வீடு நம் தெருவில் அன்று எத்தனை இருந்தது? எனக்கும் அவர் ஆட்டம் பிடிக்கும். ஆனால் பதிவில் ஒலிக்கும் அந்த ஆழமான ஆண் குரல், குழுவை உருவாக்கிய ஜெர்மானியத் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனுடையது. ஃபாரெல் மேடையில் ஆடினார், வாயசைத்தார். ஆட்டத்துக்குப் பரிசு கொடுங்கள். பாட்டுக்கான பரிசை அவரிடம் கொடுக்காதீர்கள்.

மைக்கேல் ஜாக்சன் விஷயத்தில் சண்டை வரும் என்று தெரியும். 'ஆஃப் தி வால்' 1979 ஆகஸ்டில் வந்தது. அதில் நல்ல டிஸ்கோ உண்டு. ஆனால் அவர் வந்தபோது பந்தி முடியும் நேரம். அவர் சிகரம் அடுத்த பத்தாண்டில். வேறு பாடத்தில் நூறு வாங்கினார் என்பதற்காக இந்தப் பாடத்தில் முதல் ரேங்க் போட முடியாது.

இப்போது பட்டியலின் அடிப்படைக் கோளாறுக்கு வருகிறேன். ஆண் கலைஞர் என்றதும் நீங்கள் தேடுவது மைக் முன்னால் நிற்கும் ஆணை. டிஸ்கோவில் மைக் முன்னால் நின்ற பெருங்குரல்களில் மிகப் பல பெண்களுடையவை: டோனா சம்மர், குளோரியா கேய்னர், தெல்மா ஹூஸ்டன். சிறந்த டிஸ்கோ பாடலுக்கு என்று கிராமி விருது ஒரே ஒரு முறைதான், 1980-இல், கொடுக்கப்பட்டது. அதை வாங்கியவர் குளோரியா கேய்னர். ஆண்கள் அதிகம் உழைத்தது பின்னால் இருந்து: டிரம்ஸில், பேஸ் கிதாரில், வயலின்களை வரிசைப்படுத்துவதில், ஒலிப்பதிவு மேசையில். அவர்களை விட்டுவிட்டு ஆண்கள் பட்டியல் போட்டால், நாதஸ்வரக் கச்சேரிக்கு விமர்சனம் எழுதித் தவில்காரரை மறந்த கதையாகிவிடும்.

என் அளவுகோல் ஒன்றே ஒன்று. டிஸ்கோ ஆடுவதற்கான இசை. அந்த ஆட்டத்துக்கு யார் இல்லாமல் முடியாதோ, அவரே முதல். பத்து என்று எண்ணிக்கையை முதலில் எழுதிவிட்டு அதற்கு ஆள் பிடிப்பது எனக்குச் சம்மதமில்லை. ஏழு இடங்களோடு நிறுத்துகிறேன்.

முதலிடம், எர்ல் யங். இந்தப் பெயரை நம் குழுவில் ஒருவர்கூடச் சொல்லவில்லை! ஃபிலடெல்ஃபியா நகரின் டிரம்ஸ் கலைஞர். சிக்மா சவுண்ட் ஸ்டுடியோவில் வாசித்த எம்.எஃப்.எஸ்.பி. குழுவின் தூண். 1973-இல் ஹரோல்ட் மெல்வின் அண்ட் தி புளூ நோட்ஸ் குழுவின் 'தி லவ் ஐ லாஸ்ட்' பாட்டுக்கு அவர் அடித்த அடியைக் கேளுங்கள். காலால் மிதிக்கும் பெரிய டிரம், ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று ஒவ்வொரு எண்ணிக்கையிலும் விழும். அந்த எண்ணிக்கைகளுக்கு நடுவில் 'ஹை-ஹேட்' என்ற இரட்டைத் தட்டு திறந்து மூடி 'த்ஸ்' என்று ஒலிக்கும். கீழே நடை, மேலே மூச்சு. இதற்குப் பிறகு வந்த டிஸ்கோ பாட்டில் பெரும்பாலானவை இந்த அடியின் பேரப்பிள்ளைகள். 'டிஸ்கோ இன்ஃபெர்னோ' பாடிய டிராம்ப்ஸ் குழுவிலும் இவர் இருந்தார். தாளம் போட்டவருக்கு முதலிடம் கொடுக்காமல் ஆட்டப் பாட்டுக்கு ரேங்க் போடுவது எப்படி?

இரண்டாமிடத்தை வேண்டுமென்றே கடைசிக்கு ஒதுக்கி வைக்கிறேன். பொறுங்கள்.

மூன்றாமிடம், நைல் ராட்ஜர்ஸ், பெர்னார்ட் எட்வர்ட்ஸ் இருவரும் சேர்ந்து. கிதாரும் பேஸ் கிதாரும். இவர்களைப் பிரித்து மார்க் போட முடியாது. 1977 கடைசி நாள் இரவு ஸ்டுடியோ 54 கிளப்பின் வாசலில் இவர்களை உள்ளே விடவில்லை. இருவரும் வீட்டுக்குத் திரும்பி, கோபத்தில் வாசல்காரரைத் திட்டி ஒரு மெட்டுப் போட்டார்கள். கெட்ட வார்த்தையை மாற்றியதும் அது 'லெ ஃப்ரீக்' ஆனது. அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1979-இல் 'குட் டைம்ஸ்'. அதில் எட்வர்ட்ஸ் வாசித்த பேஸ் வரிசையை வைத்துத்தான் அதே ஆண்டு 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற ராப் பாடல் உலகம் சுற்றியது. ஒரு கலை முடியும் இடத்தில் அடுத்த கலைக்கு விதை போட்டவர்கள்.

நான்காமிடம், பாரி ஒயிட். அந்த அடித்தொண்டைக் குரலுக்காக மட்டும் சொல்லவில்லை. 'லவ்ஸ் தீம்' என்ற, பாடகர் யாருமே முன்னால் நிற்காத வாத்திய இசையை அவர் எழுதித் தயாரித்தார். 1974 தொடக்கத்தில் அது அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. நடனத் தளத்துக்கு வயலின்களைக் கூட்டி வந்தவர்களில் முதல் வரிசைக்காரர்.

ஐந்தாமிடம், ஜார்ஜியோ மொரோடர். இத்தாலியில் பிறந்து மியூனிக்கில் வேலை பார்த்தவர். 1977-இல் டோனா சம்மரின் 'ஐ ஃபீல் லவ்' பாட்டை ஏறக்குறைய முழுக்க சின்தசைசரிலேயே அமைத்தார். இன்றைக்கு உங்கள் பிள்ளைகள் காதில் மாட்டிக் கேட்கும் மின்னணு நடன இசைக்கெல்லாம் அதுவே பெரிய பாட்டன்.

ஆறாமிடம், டாம் மோல்டன், வால்டர் கிப்பன்ஸ். இவர்கள் பாடவில்லை, வாத்தியமும் வாசிக்கவில்லை. வானொலிக்கென்று மூன்று நிமிடத்தில் முடிந்த பாட்டை ஆடுகிறவர்களுக்காக வெட்டி ஒட்டி நீட்டினார்கள். 1975-இல் குளோரியா கேய்னரின் இசைத்தட்டில் ஒரு பக்கம் முழுக்க மூன்று பாடல்களை இடைவெளியே இல்லாமல் கோத்தவர் மோல்டன். 1976-இல் கடையில் விலைக்கு வந்த முதல் 12 அங்குல ஒற்றைப் பாடல் தட்டு 'டென் பர்சென்ட்'. அதன் ரீமிக்ஸ் கிப்பன்ஸின் கைவேலை. ஆடுகிறவரின் கால் நிற்கக் கூடாது என்று யோசித்தவர்களும் கலைஞர்கள்தான்.

ஏழாமிடம், பீ ஜீஸ். அண்ணன் மகனே, கோபப்படாதே. அவர்கள் மெட்டுகளை நானும் முணுமுணுப்பேன். "விற்பனைதானே மக்கள் தீர்ப்பு அத்தை? அந்தப் படத்தின் இசைத்தட்டு 24 வாரம் முதலிடத்தில் இருந்ததே" என்று கேட்டாய். விற்பனை, கடைக்கு வந்தவர் எத்தனை பேர் என்று சொல்லும். சமைத்தது யார் என்று சொல்லாது. 'ஸ்டேயின் அலைவ்' பாட்டின் டிரம்ஸ் எப்படி வந்தது தெரியுமா? பதிவின்போது டிரம்ஸ் கலைஞர் ஊரில் இல்லை. 'நைட் ஃபீவர்' பாட்டின் நாடாவிலிருந்து ஒரு துண்டை வெட்டி, வளையமாக ஒட்டி, சுற்றிச் சுற்றி ஓடவிட்டார்கள். தட்டில் அதற்கு ஒரு பொய்ப் பெயரைப் போட்டு, ஒரு மனிதர் வாசித்ததுபோலக் காட்டினார்கள். பாட்டு அருமை. ஆனால் அதன் கீழே நடக்கும் அந்த நடை, பிலடெல்ஃபியாவில் எர்ல் யங் வகையறா போட்டுக் கொடுத்த பாதை. பாதையில் வேகமாக ஓடியவருக்கு ஏழாமிடம் கௌரவமானதுதான்.

"ஒரு பொழுதுபோக்குப் பட்டியலுக்கு இவ்வளவு ஆவேசமா டீச்சர்?" என்கிறீர்கள். ஆம். காரணம் சொல்கிறேன்.

1979 ஜூலை 12. சிகாகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளர் முன்னின்று நடத்திய நிகழ்ச்சி. ஒரு டிஸ்கோ இசைத்தட்டோடு வந்தால் நுழைவுக் கட்டணம் வெறும் 98 சென்ட். வந்த தட்டுகளை மைதானத்தின் நடுவில் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் உள்ளே பாய்ந்தது. அன்றைய இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. அங்கே இருக்கை காட்டும் வேலையில் இருந்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர், பின்னாளில் இசைத் தயாரிப்பாளர் ஆனவர். குவிந்ததில் பல தட்டுகள் டிஸ்கோவே இல்லை, வெறுமனே கறுப்பினத்தவர் பாடிய தட்டுகள் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

டிஸ்கோ யாருடைய வீட்டில் பிறந்தது? நியூயார்க் போன்ற நகரங்களில் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கரும் தன்பாலின ஈர்ப்பாளர்களும் அடி உதை இல்லாமல், கேலி இல்லாமல் ஓர் இரவாவது ஆடக் கிடைத்த கூடங்களில். அந்தக் கூடங்களை மறந்துவிட்டு வெள்ளை கோட்டு ஒன்றை மட்டும் நினைவில் வைப்பது, எரித்த வேலையின் மிச்சத்தை நாம் செய்துகொடுப்பது மாதிரி. நீங்கள் தெரிந்து செய்யவில்லை. இப்போது தெரிந்துவிட்டது, அல்லவா?

இனி அந்த இரண்டாமிடம். சில்வெஸ்டர்.

1947-இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். சிறுவயதில் தேவாலயத்தில் பாடி வளர்ந்த குரல். பிறகு சான் பிரான்சிஸ்கோ. 1978-இல் 'யூ மேக் மீ ஃபீல் மைட்டி ரியல்'. பேட்ரிக் கௌலியின் சின்தசைசர் இயந்திரம்போல ஓட, அதன்மேல் ஏறி உச்சத்தில் நிற்கும் ஒரு மனிதக் குரல். அது பக்திப் பாட்டின் குரல், ஆட்டக் கூடத்தில். அடுத்த ஆண்டு மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவின் ஆபரா மாளிகையிலேயே கச்சேரி செய்தார். பெண்களின் உடையும் அணிந்தார், ஆண்களின் உடையும் அணிந்தார். ஒளித்துக்கொள்ளவில்லை. எய்ட்ஸ் நோயால் 1988 டிசம்பரில் மறைந்தார். தன் பாடல்களின் வருமானத்தை எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவும் அமைப்புகளுக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்தப் பாடலை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசியப் பதிவேட்டில் சேர்த்துப் பாதுகாக்கிறது. அங்கே யாரும் "இவர் எதற்கு?" என்று கேட்கவில்லை.

டிஸ்கோ காலத்தில் மைக் முன்னால் நின்று பாடிய ஆண்களில், என் கணக்கில், இவருக்கு மேலே ஒருவரும் இல்லை. குரலை வைத்துச் சொல்கிறேன். இரக்கத்தில் போட்ட மார்க் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் யாருக்கும் கருணை மதிப்பெண் போட்டதில்லை. அதை நீங்களே சொல்வீர்கள்.

அந்தச் சிரிப்பு முகங்களைப் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த வகுப்பிலும் குரல் மெலிந்த பையன் ஒருவன் இருப்பான். நடையைப் பார்த்துச் சிரிப்பார்கள். வருகைப் பதிவுக்கு "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லவே அவனுக்குப் பயமாக இருக்கும். அப்படிப்பட்ட பிள்ளைகள் என் வகுப்பிலும் இருந்தார்கள். இன்று வளர்ந்து, வேலைக்குப் போய், இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள். நம் குடும்பக் குழுவிலும் ஒரு பிள்ளை வாய் திறக்காமல் அந்தச் சிரிப்புகளை எண்ணிக்கொண்டு இருந்திருக்கலாம். நீங்கள் சிரித்தது எங்கேயோ இருந்து என்றோ மறைந்த ஒரு பாடகரைப் பார்த்து என்று நினைக்கிறீர்கள். கேட்டது யார் காதில் என்று யோசித்தீர்களா?

வீட்டுப்பாடம் இதுதான். எர்ல் யங் அடித்த அந்தப் பாட்டை ஒரு முறை கேளுங்கள். பிறகு சில்வெஸ்டரைக் கேளுங்கள். அதற்கப்புறம் உங்கள் பட்டியலைக் கீழே எழுதுங்கள். என் வரிசையை மாற்றுங்கள், பாரி ஒயிட்டை மேலே தூக்குங்கள், மொரோடரைக் கீழே இறக்குங்கள், நன்றாகச் சண்டை போடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் அவர் என்ன செய்தார் என்று ஒரு வரியாவது எழுத வேண்டும். காரணம் இல்லாத விடைக்கு நான் என்றைக்கும் மார்க் போட்டதில்லை. "அவர் ஆணா?" என்ற கேள்வியோடு வருகிறவர்களின் பதிவை மட்டும் நீக்கிவிடுவேன், சொந்தக்காரராக இருந்தாலும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று டீச்சர்
(சிலருக்கு அத்தை, சிலருக்குப் பெரியம்மா)