புள்ளியிடுவது கருத்தாகுமா?

திங்கட்கிழமை காலையில் எங்கள் பாடசாலையில் முதலில் நடைபெறுவது பாடமன்று. படம் பற்றிய பேச்சே. சனி, ஞாயிறு இரு நாளும் வீட்டிலிருந்தபடி தொலைக்காட்சியிலோ கைத்தொலைபேசியிலோ பார்த்த படங்களைப் பற்றி மாணவர் வகுப்பறையிலும் ஆசிரியர் ஓய்வறையிலும் கருத்துப் பரிமாறிக் கொள்கின்றனர். பரிமாறப்படுவது யாதெனச் சற்றே செவிமடுத்தால் வேதனையே மிஞ்சும். “முதற் பாதி நல்லம், பிற்பாதி இழுவை.” “ஐந்துக்கு மூன்றரை குடுக்கலாம்.” “நூறு கோடியைத் தாண்டிட்டுது.” பத்துப் பேர் பேசினாலும் பேச்சு ஒன்றே. அதுவும் படம் வெளியான அன்று மாலையே சென்னையிலிருந்து வலையொளி விமர்சகர் எவரோ பேசி முடித்த பேச்சின் எதிரொலி.

இதனைக் கருத்து என்று அழைப்பதை நான் மறுக்கிறேன். விடைத்தாளுக்குப் புள்ளியிடுவது எங்கள் தொழில். புள்ளியிடுதல் எத்துணை எளிது என்பதை ஆசிரியரைவிட அறிந்தவர் யார்? கட்டுரையொன்றுக்குப் பதினைந்துக்கு ஒன்பது என்று எழுதிவிட்டு, ஏன் ஒன்பது என்று மாணவன் கேட்கையில் விடை கூற இயலாது விழித்தவர் எம்மிடையே இல்லாமலில்லை. கருத்துக் கூறுபவன் காரணம் கேட்கும் உரிமையைப் பிறருக்கு வழங்குகிறான். படம் காட்டும் உலகையும் தான் வாழும் உலகையும் அருகருகே வைத்துப் பார்க்கிறான். புள்ளியிடுபவனுக்கு இவ்விரு கடமைகளும் இல்லை.

பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981 இல் வெளிவந்த தமது ஆங்கில நூலொன்றில் தமிழ்ச் சினிமாவை அரசியற் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்தார். தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து கலை நிகழ்வொன்றைக் கண்ட முதல் இடம் திரைப்படக் கொட்டகையே என்பது அவர் எடுத்துக்காட்டிய உண்மை. கோயில் வீதியிற் சாதி பார்த்து நிறுத்தப்பட்டவன் கொட்டகையிற் காசு கொடுத்துச் சீட்டுப் பெற்று அமர்ந்தான். காசுக்கேற்ற ஆசனம் என்ற பேதம் அங்கும் இருந்தது. எனினும் அது பிறப்பின் பேதமன்று. படம் விட்டு வெளியேறிய கூட்டம் தேநீர்க் கடை வாசலில் நின்று வாதிட்டது. வாதிட்டவன் எதிரே நின்றவனின் முகம் பார்த்து வாதிட வேண்டியிருந்தது.

கொட்டகைக்குப் பின் வந்தது ‘டெக்’ காலம். எனது சிறு பிராயத்தில், தொண்ணூறுகளின் பிற்பகுதியில், ஒழுங்கையில் ஒரு வீட்டார் தொலைக்காட்சிப் பெட்டியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்தால் அயல் முழுவதும் பாயுடன் வந்து சேரும். இரவிரவாக மூன்று படங்கள் ஓடும். அந்த இரவுகளைப் பொற்காலமென்று போற்றுவது என் நோக்கமன்று. பெண்கள் பாதிப் படத்தை அடுப்படியிலிருந்து காதாற் கேட்டதன்றிக் கண்ணாற் கண்டதில்லை. ஆயினும் படம் பார்த்து ஒரு தாய் அழுதால் அவள் எதற்காக அழுதாள் என்பது அயலுக்குத் தெரிந்திருந்தது. படத்தில் வந்த சீதனக் கொடுமை எந்த வீட்டுக் கதையை ஒத்தது என்று மறுநாள் கிணற்றடியிற் பேச்சு நடந்தது. அப்பேச்சில் வம்பும் இருந்தது. விமர்சனத்தின் வித்தும் இருந்தது.

இன்று ஒரே வீட்டில் நால்வர் நான்கு திரைகளில் நான்கு படங்களைக் காண்கின்றனர். தனியே பார்த்தவனுக்குத் தன் எண்ணத்தை உரைத்துப் பார்க்கப் பக்கத்தில் ஆளில்லை. ஆகவே, ஆயத்தமாக விற்கப்படும் எண்ணமொன்றை வாங்கிக் கொள்கிறான். விற்பவரோ படச் சந்தையை நம்பிப் பிழைப்பவர். முதல் நாள் வசூல், மொத்த வசூல் என்பனவெல்லாம் வணிகரின் பேரேட்டுக் கணக்குகள். எங்கள் மாணவன் அக்கணக்கை மனனஞ் செய்கிறான். தயாரிப்பாளர் ஈட்டிய கோடிகளை அறிந்தவனுக்குத் தன் தந்தையின் படகு ஒரு நாள் கடலுக்குப் போய்வர எத்தனை லீற்றர் எண்ணெய் வேண்டும் என்பது தெரியவில்லை.

சான்றொன்று கூறுவேன். 2025 மே 1 ஆம் திகதி திரைக்கு வந்து, அடுத்த மாதமே இணையவழி வீடுகளுக்குள் புகுந்தது ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ என்னும் படம். இயக்கியவர் அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞர். சசிகுமாரும் சிம்ரனும் நடித்தனர். இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் வாழ வழியற்றுப்போன தமிழ்க் குடும்பமொன்று படகேறி இராமேசுவரம் சேர்ந்து, பின் சென்னையிற் தன் அடையாளத்தை மறைத்து வாழ்வதும், அன்பினால் அயலவர் மனங்களை வெல்வதும் கதை. மனிதரை வெறுக்கக் கற்பிக்காத நல்ல படம். என் வகுப்பில் அதனைப் பார்க்காதவர் அரிது. அவர்கள் வாதிட்டது ஒரேயொரு விடயம் பற்றி: நடிகர் பேசியது சரியான இலங்கைத் தமிழா? யாழ்ப்பாணத் தமிழே அப்படியில்லை என்றனர் சிலர். திருகோணமலையிற் பேசுவதும் இலங்கைத் தமிழ்தானே, அதனை ஏன் எந்தப் படமும் பேசுவதில்லை என்றனர் வேறு சிலர். இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் கேள்விகள் அத்துடன் முடிந்தன. பின்னர் புள்ளிகள் வழங்கப்பட்டன.

அதுவரை வாய் திறவாதிருந்தான் கரையோரத்து மாணவனொருவன். நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன். “படத்தில அந்தப் பொலிஸ்காரர் இரக்கப்பட்டு விட்டிட்டார், சேர். என்ட மாமா ஆக்கள் போய் இறங்கினவுடன மண்டபம் முகாமுக்குக் கொண்டு போயிட்டாங்க” என்றான். வகுப்பு அமைதியாயிற்று. அவனும் படத்தை வீட்டிற் பார்த்தவன்தான்; அவனும் சிரித்திருப்பான், கண் கலங்கியிருப்பான். ஆயினும் அவன் வீட்டில் அப்படத்துக்கு வேறொரு பொருள் இருந்தது. நான் கேட்டிராவிட்டால் அப்பொருள் அவனுடனேயே வீடு திரும்பியிருக்கும்.

அவன் சொன்ன இரண்டு வாக்கியங்களிலிருந்து எழும் கேள்விகள் எத்தனை! 2022 மார்ச்சிலிருந்து எம்மவர் ஏன் மீண்டும் படகேறினர்? அவ்வாண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. மண்ணெண்ணெயில் இயங்கும் சிறு படகை நம்பி வாழும் குடும்பத்துக்கு அதன் பொருள் யாது? அகதிகள் பற்றிய 1951 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சாசனத்தில் இந்தியா ஒப்பமிடவில்லை. 2019 இல் அங்கு திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து சென்றோரில் முஸ்லிம்களை விலக்கி ஏனையோரைக் கருதிற்று. இலங்கைத் தமிழரை முற்றாகவே விட்டுவிட்டது. 1983 இற்குப் பின் சென்றோரின் பிள்ளைகள் முகாமிற் பிறந்து, முகாமிலேயே வளர்ந்து, தாமும் பெற்றோராகிவிட்டனர். படத்தில் அயலவரின் அன்பு தீர்த்து வைக்கும் சிக்கலை வாழ்வில் சட்டம் கட்டி வைத்திருக்கிறது. அன்பைக் காட்டியது படத்தின் உரிமை. சட்டத்தைக் கேட்பது பார்த்தவரின் கடமை. அக்கடமையை மறந்து உச்சரிப்பை மட்டும் திருத்திக் கொண்டிருந்தோம்.

இன்னொரு படத்தைக் கருதுவோம். 2021 நவம்பரில் கொட்டகைக்கே வராது நேரே வீட்டுத் திரைக்கு வந்தது த. செ. ஞானவேல் இயக்கிய ‘ஜெய் பீம்’. 1993 இல் தமிழ்நாட்டில் ராசாக்கண்ணு என்ற ஏழைத் தொழிலாளி காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்டதும், அவர் மனைவி நீதி கேட்டுப் போராடியதும், வழக்கறிஞர் சந்துரு அவருக்காக வழக்காடியதும் நடந்த வரலாறு. பதின்மூன்று ஆண்டுகள் கடந்து 2006 இற் காவலர் தண்டிக்கப்பட்டனர். வழக்கு நீதிமன்றம் சேருமுன் அதனைத் தூக்கி நிறுத்தியவர்கள் அப்பகுதி மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்கள். படத்திலும் செங்கொடிகள் தோன்றுகின்றன. ஆயினும் பார்த்தவர் மனத்தில் நிலைத்தது தனியொரு நாயகனின் வீரமே. எங்கள் ஓய்வறையில் சூர்யாவின் நடிப்புக்கு ஐந்துக்கு ஐந்து கிடைத்தது. ஊர் கூடிப் பெற்ற நீதி ஒருவர் கொடுத்த நீதியாக மாறியதை எவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று நாம் கேட்கத் தவறிய வேறொன்றும் உண்டு. சிதம்பரம், விருத்தாசலம் பக்கத்துக் காவல் நிலையத்தைக் கண்டு கொதித்த நாம் எங்கள் கடற்கரையை நினைத்தோமா? 2006 சனவரி 2 ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். கைக்குண்டு வெடித்து இறந்தனர் என்று முதலிற் சொல்லப்பட்டது. துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டும் படங்களை எடுத்து வெளிக்கொணர்ந்தார் பத்திரிகையாளர் சுகிர்தராஜன். அதே மாதம் 24 ஆம் திகதி இந்நகரிலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2019 யூலையில், குற்றஞ்சாட்டப்பட்டிருந்த பதின்மூன்று பேரையும் போதிய சான்றில்லை என்று நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. தமிழ்நாட்டில் அவ்வழக்குக்குத் தீர்ப்புக் கிடைத்த அதே 2006 இல் எங்கள் வழக்குத் தொடங்கிற்று. படமென்றால் என்ன, அதைப் பார்ப்பதென்றால் என்ன என்பதற்கு ஒருவர் தம் உயிரையே விலையாகக் கொடுத்த நகரம் இது. இங்கு வாழும் ஆசிரியரும் மாணவரும் படம் பார்த்துவிட்டு நட்சத்திரங்களை எண்ணிக் கொண்டிருப்பது தகுமோ?

நண்பர் சிலர் மறுப்புரைப்பர். நாள் முழுவதும் துறைமுகத்திலும் மாவாலையிலும் உழைத்து வந்தவன் இரண்டு மணி நேரம் சிரித்திருக்கட்டுமே, அவனிடமும் பாடம் நடத்துவதா என்பர். சிரிப்பதை எவர் தடுத்தார்? உழைப்பாளியின் ஓய்வு அவன் போராடிப் பெற்ற உரிமை. ஆனால் உழைத்துக் களைத்தவன் சிந்திக்க மாட்டான் என்று முடிவு செய்தவர் அவனை மதிப்பவராகார். எண்ணெய் விலையையும் வலை விலையையும் கடையடியில் நின்று அவன் ஆராயும் நுட்பத்தை நாம் ஆசிரியர் கூட்டங்களிற் கண்டதில்லை. படம் பற்றி மட்டும் அவனுக்குக் கருத்திராது என்பது படித்தவரின் செருக்கு.

வேறு சிலர் சினிமாவே சீரழிவு, மாணவர் அதனைத் தொடலாகாது என்பர். இவர்கள் இலக்கிய வகுப்பிற் கோவலனின் ஒழுக்கத்தை அக்குவேறு ஆணிவேறாக ஆராய்வர். திரையில் வருபவன் ஒழுக்கம் ஆராயத் தகாததென்பர். தடை விதித்த ஆசிரியரின் வகுப்பிலும் படம் பற்றிய பேச்சு நின்றதில்லை. அவர் காதுக்கு எட்டாத பின்வாங்குக்கு நகர்ந்தது, அவ்வளவே.

எம்மவரையும் விட்டுவிடலாகாது. முற்போக்காளர் எனப்படுவோருள் சிலர் படமொன்றைச் சுங்க அதிகாரி பெட்டியைச் சோதிப்பதுபோற் சோதிக்கின்றனர். செங்கொடி உண்டா, வர்க்கம் பற்றிய வசனம் உண்டா என்று தேடி, உண்டெனில் அனுமதிப்பர். இல்லையெனிற் பறிமுதல் செய்வர். இதுவும் புள்ளியிடுதலின் மற்றொரு வடிவமே. காரணங் கூறாது கொடுக்கப்படும் ஐந்து நட்சத்திரமும் காரணங் கூறாது குத்தப்படும் ‘பிற்போக்கு’ என்னும் முத்திரையும் உடன்பிறப்புகள்.

இவ்வாறு பேசாதொழிந்ததன் விலையை இந்நாட்டுத் தமிழ்ச் சினிமா முன்னரே கொடுத்திருக்கிறது. 1977 இல் சிங்களக் கலைஞரான தர்மசேன பத்திராஜ, காவலூர் ராஜதுரையின் எழுத்தைக் கொண்டு யாழ்ப்பாணத்து வாழ்வைப் ‘பொன்மணி’ எனப் படமாக்கினார். சீதனமும் சாதியும் எம் வீடுகளிற் செய்வதை எம் பேச்சிலேயே காட்டிய படம். தென்னிந்தியப் படச் சுவைக்குப் பழகிய கண்கள் அதனைக் கைவிட்டன. மக்களிடையே பேச்சிருந்திருந்தால், இது ஏன் வேறுவிதமாக இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் இருந்திருந்தால், இத்தகைய படங்கள் இன்னும் பல தோன்றியிருக்கக் கூடும். நல்ல பார்வையாளன் இல்லாத இடத்தில் நல்ல படம் நெடுநாள் பிழைத்திராது.

ஆகவே செய்ய வேண்டியது யாது? கைத்தொலைபேசியைப் பறிப்பதாற் பயனில்லை. கொட்டகைக் காலம் மீளப்போவதும் இல்லை. மாதத்தில் ஒரு நாள், பாடசாலை முடிந்தபின், வகுப்பறைத் திரையில் ஒரு படத்தை ஒன்றாக அமர்ந்து பார்ப்போம். தமிழ்ப் படம் மட்டுமன்றிச் சிங்களப் படமும் பார்ப்போம். கிண்ணியா, மூதூர்ப் பாடசாலைகளிலிருந்தும் நண்பர்களை அழைப்போம். பார்த்தபின் புள்ளி கூறுவதை ஒருநாளைக்கேனும் ஒதுக்கிவைத்து மூன்று கேள்விகளைக் கேட்போம். இந்தக் கதையை யார் சொல்கிறார், யாருக்காகச் சொல்கிறார்? கதையில் வாய் திறக்க விடப்படாதவர் யார்? இதே கதை எங்கள் தெருவில் நடந்தால் முடிவு எவ்வாறிருக்கும்?

மூன்றாவது கேள்விக்கு விடை கூறவல்ல மாணவன் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறான். எங்கள் வகுப்பில் அவன் கரையோரத்திலிருந்து வருபவன். பிறிதொரு வகுப்பில் அவள் தோட்டத்திலிருந்தோ மீள்குடியேற்றக் கிராமத்திலிருந்தோ வருபவளாயிருக்கலாம். அவர்கள் தாமாகப் பேசமாட்டார்கள். ஆசிரியத் தோழர்களே, வரும் திங்கட்கிழமை படப் பேச்சுத் தொடங்கும்போது, “எத்தனை புள்ளி?” என்று கேட்பவரோடு சேராது, பேசாதிருக்கும் அந்தப் பிள்ளையிடம் முதலிற் கேளுங்கள்.