இரக்கத்திற்கும் பயிற்சி வேண்டும்

கோழி மிதித்துக் குஞ்சு முடமாவதில்லை என்பது நம் முன்னோர் வாக்கு. தாயின் கால் அறிந்து மிதிக்கும். அறியாத கையோ அன்பினாலேயே கொன்றுவிடும். உவர்மலையிலும் உப்புவெளியிலும், குடாவின் மறுகரையில் மூதூரிலும், கொல்லையில் நாலு கோழி வளர்ப்போர் பலர். அடை வைத்த 21 ஆம் நாள் பத்துக் குஞ்சு பொரித்தால், அவற்றுள் ஒன்று மெலிந்து கிடப்பது வழக்கம். அந்த ஒன்றைப் பற்றியே நான் இங்கு பேச விரும்புகிறேன்.

'சாகிறது சாகட்டும்' என்று கைவிடுவோர் ஒரு சாரார். பதறி, பாலையும் சோற்றையும் வாயில் திணிப்போர் மற்றொரு சாரார். முன்னவரிடம் இரக்கம் இல்லை. பின்னவரிடம் அறிவு இல்லை. குஞ்சுக்கு இவ்விருவராலும் விளைவது ஒன்றே.

முதற்கண் வேண்டுவது பொறுமை. ஓட்டில் முதல் துளை விழுந்தபின், குஞ்சு வெளிவர ஒரு நாள்வரை செல்லலாம். அவ்வேளையில் எஞ்சிய மஞ்சட்கரு அதன் வயிற்றினுள் இழுக்கப்படுகின்றது; ஓட்டின் உட்சவ்விலுள்ள இரத்தமும் உடலுக்குள் மீள்கின்றது. அவசரப்பட்டு ஓட்டை உரித்தால் இரத்தம் கசியும். பிழைக்கக்கூடிய குஞ்சும் மடியும். அந்த மஞ்சட்கருவே பொரித்தபின் இரண்டு மூன்று நாளைக்குக் கட்டுச்சோறு. ஆதலின் முதல் நாளிலேயே, 'தின்னவில்லையே' என்று கலங்குவதற்குக் காரணமில்லை.

அடுத்தது சூடு. உணவினும் சூடே முந்தியது என்பது என் துணிபு. குளிர்ந்த குஞ்சுக்கு ஊட்டிய உணவு செரிக்காது. முதல் வாரத்தில் அதற்கு ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும்; பின்னர் வாரந்தோறும் மூன்று பாகை அளவு குறைக்கலாம். 'நமக்கே வியர்க்கும் ஊரில் குஞ்சுக்குக் குளிருமா?' என்று கேட்பர். மாரிக்கால இரவில், வாடை வீசும்போது, இங்கும் வெப்பம் 25 பாகைக்குக் கீழே இறங்குவதுண்டு. ஈரம் உலராத குஞ்சுக்கு அஃது எமன். இழை மின்குமிழ் ஒன்றைப் பெட்டியின் ஒரு மூலையில் தொங்கவிட்டால் போதும், மறுமூலை குளிர்ந்திருக்கட்டும். இக்காலத்து எல்.ஈ.டி. குமிழ் ஒளி தருமேயன்றிப் போதிய சூடு தராது. 2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறக்கவில்லை. அத்தகைய வேளையில் வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி வைக்கலாம். வெப்பமானி இல்லையேல் குஞ்சுகளையே கேளுங்கள். நெருங்கி ஒடுங்கிக் கீச்சிட்டால் குளிர். விலகி ஓடி அலகு திறந்து இளைத்தால் வெக்கை.

சூடேறி நிமிர்ந்தபின் தண்ணீர். வாயில் ஊற்றலாகாது, மூச்சுக்குழலுள் புகும். அலகின் நுனியை மட்டும் நனைத்தால் அது தானே குடிக்கப் பழகும். சிரட்டையில் கூழாங்கல் இட்டு நீர் வைத்தால் மூழ்கி இறவாது. வழுக்கும் தாளின்மேல் விட்டால் கால்கள் அகன்று முடமாகும். சாக்குத் துணி விரிப்பதே நன்று. பின்புறத்தில் எச்சம் இறுகி அடைத்திருந்தால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் மெல்லத் துடைக்கவேண்டும். தொட்டபின் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் சிறுவர்க்கு மிக அவசியம்.

உணவிலும் ஓர் எச்சரிக்கை. தீட்டிய வெள்ளரிசிக் குறுணல் மட்டும் போதாது. 1890களில் பத்தாவியா நகரில், ஒல்லாந்த மருத்துவர் ஐக்மன் அவ்வரிசியைத் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழக் கண்டார். தவிட்டில் உள்ள உயிர்ச்சத்தை உலகம் அறிய அதுவே வழிகாட்டிற்று. 1929 இல் அவருக்கு நோபெல் பரிசும் கிடைத்தது. ஆகவே கடையில் விற்கும் குஞ்சுத் தீனே தக்கது.

இவ்வளவு செய்தும் சில குஞ்சுகள் இறக்கும். உடலமைப்பிலேயே குறையுள்ளதை எந்தக் கையும் காக்காது. ஆயினும், குளிராலும் அவசரத்தாலும் இறப்பதை விதி என்று கூறுதல் அறமன்று.

இஃது ஒரு வீட்டுச் செய்தி மட்டுமன்று. 2009 இல் போர் ஓய்ந்தபின், வடக்கிலும் கிழக்கிலும் மீள்குடியேறிய குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவியாகக் கோழிகளும் குஞ்சுகளும் பல இடங்களில் வழங்கப்பட்டன. கணவனை இழந்து தனித்து நிற்கும் ஒருத்திக்குப் பத்துக் குஞ்சென்பது பிள்ளையின் பள்ளிக் கொப்பி, மழைக்காலத்துக் கறிச்செலவு. குஞ்சைக் கொடுத்து அதனைக் காக்கும் முறையைக் கொடாதுவிடின் அக்கொடை பாதிக்கொடையே. பத்துக் குஞ்சு வழங்குவோர் எட்டே வழங்கட்டும். மிச்சப் பணத்தில் ஒரு மின்குமிழும், முதல் வாரப் பராமரிப்பை எளிய தமிழில் அச்சிட்ட ஒரு தாளும் சேர்த்துக் கொடுக்கட்டும். கால்நடை வைத்தியர் அலுவலகத்திலிருந்து ஒருவர் அரைநாள் வந்து செய்து காட்டட்டும். எட்டில் ஏழு பிழைத்தால் அவளுக்கு அதுவே இலாபம்.